மல்லாந்து பார்ப்பவர்களுக்கு

போர்வெனிரில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு.
நாற்பது ஆண்டுகளாக ஊரே அதில் மல்லாந்திருக்கிறது,
வாயைத் திறந்து,
பேச முடியாமல்.
படம் காட்ட இதைவிட நல்ல கூட்டம்
யாருக்கு வாய்க்கும்?

சுவரில் பல் துலக்கும் முறை, கட்டண விவரம், காலண்டர்.
படங்கள் எல்லாம் மேலே,
விளக்கைச் சுற்றிக் கூரையில்,
மூலைக்கொரு பித்தளை ஆணி.

முதல் கேமராவை ஜலசந்திக்கு அக்கரையில் வாங்கினேன்,
வரியில்லாக் கடையில், எழுபத்தொன்பதில்.
புது டிரில்லுக்கென்று சேர்த்த பணம்.
அந்த வருஷத்துக் கடைவாய்ப் பற்களே,
பழைய டிரில்லுக்கு மன்னியுங்கள்.

எக்ஸ்ரே கழுவும் இருட்டறையில்தான்
பறவைகளையும் கழுவினேன்.
சிவப்பு விளக்கின் கீழ்
மாலை வரை வேர்கள் தெளிந்து வரும்,
அப்புறம் இறக்கைகள்.
ஒருமுறை இரண்டு நெகட்டிவ் ஒட்டிக்கொண்டு
திருமதி பார்ரியாவின் தாடைக்குள்
காட்டுவாத்து ஒன்று நின்றது.
பத்திரமாக வைத்திருக்கிறேன்.
அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு என்றால் காற்று.
முக்காலியின் ஒரு காலை அது பிடிக்கும்,
மற்ற இரண்டை நான்.
வரைபடத்தில் பயனற்ற விரிகுடா என்று பெயர்;
ஒதுங்க இடம் கிடைக்காத
ஏதோ ஒரு மாலுமியின் கோபம்.
அங்கே ஒரு நரிக்காக
நாலு மணி நேரம் குப்புறக் கிடந்தேன்.
படத்தில் வால் மட்டும்.
வாலையும் மாட்டினேன்.

வலித்தால் விரலைத் தூக்குங்கள் என்பேன்.
எலெயுதெரியோ ஒயார்சோ, ஆடு மேய்ப்பவர்,
கலஃபாத்தே பழம் தின்ற ஊதாப் பற்களோடு வந்தார்.
வேர்ச் சிகிச்சை, மூன்று நாள்.
மூன்று நாளும் விரலைத் தூக்கினார்.
மூன்று நாளும் மரப்பு ஊசியைக் கூட்டினேன்.
கடைசியில் கொப்பளித்துத் துப்பிவிட்டு
மரத்த உதடு கோண,
"வலி இல்லை டாக்டர்.
அந்தப் பூநாரைகள் தலைகீழாக நிற்கின்றன."

உப்பேரி அது. என் ஆயுளில்
காற்று ஏறக்குறைய ஓய்ந்த ஒரே காலை.
ஒன்பது பறவை, ஒன்பது பிம்பம்.
ஏணியில் நின்று நானே அடித்தது,
வாசலைப் பார்த்தபடி.
பதினோரு வருஷம்.
மேயரின் பொய்ப்பல்லும்
பாதிரியாரின் ஈறும் அதன் கீழேதான் திறந்தன.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.
"மேலே நிற்பவற்றுக்குக் கால் நடுங்குகிறது.
பறவைக்கு நடுங்காது. தண்ணீருக்குத்தான்."
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு கதவைப் பூட்டிவிட்டு
நாற்காலியில் படுத்தேன், முதல் தடவையாக.
மிதியை அழுத்த, தலை தாழ்ந்துகொண்டே போனது.
இப்படியா இருக்கும்?
எத்தனை பேரை இப்படித் தாழ்த்தியிருக்கிறேன்!
என் நரிவாலை விளக்கு மறைத்திருந்தது;
ஒருவரும் பார்த்திருக்க முடியாது.
மூலையில் ஒரு ஈரக்கறை,
நான் எடுக்காத மேகம்,
எடுத்த மேகங்களைவிடத் தேவலை.
பூநாரைகளுக்கு வந்தேன்.
கால் நடுங்கத்தான் செய்தது.
வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஏணியைப் போட்டு மூன்று ஆணியைப் பிடுங்கினேன்.
நாலாவது பச்சை பிடித்து, வரமாட்டேன் என்றது.
அதைச் சுற்றிப் படம் கால்வட்டம் திரும்பி
விளக்குத் தண்டில் முட்டி நின்றது.
கை கடுத்தது. மணி பன்னிரண்டு.
அங்கேயே அடித்துவிட்டேன்,
ஏரி செங்குத்தாக,
பறவைகள் ஒருபுறம், தண்ணீர் மறுபுறம்.

காலை எட்டரைக்குச் சுங்க அதிகாரியின் மகள்,
ஏழு வயது, ஆடும் பால்பல், பிடிவாதம்.
படுத்தாள். மேலே பார்த்தாள்.
மெல்லத் தலையை இடப்பக்கம் சாய்த்தாள்.

எனக்கு வேண்டிய பல்
அந்தப் பக்கம்தான் இருந்தது.