காலித் தொட்டி

கோபித்துக்கொண்டால் அதிகாரிகளை
எங்கள் ஜில்லாவுக்குத்தான் மாற்றுவார்கள்,
தண்ணியில்லாக் காடு என்று.
இங்கேதான், கீழக்கரையில்,
ஏழடி மதிலுக்குள் நீச்சல்குளம் கட்ட
அட்வான்ஸ் வாங்கினேன்.

முப்பதுக்குப் பதினைந்து. ஆழம் ஐந்தரை.
நாலாவது அடியிலேயே ஊற்று.
தண்ணீர் இல்லாமல் இல்லை இந்த ஊரில்,
குடிக்க முடியாது, அவ்வளவுதான்.
பூமயில் சட்டியை இறக்கிவிட்டு
ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாள்:
"மீன் கொழம்புக்கு உப்பு மிச்சம்."

இரவும் பகலும் மோட்டார் இறைத்தது.
சரியச் சரிய மணல்மூட்டை அடுக்கினோம்.
கம்பிக்கு இரண்டு கோட்டு எபாக்சி.
கடற்காற்று இரும்பைத் தின்னும் வேகம்
பரமக்குடிக்காரன் எனக்கு
ஒரே வருஷத்தில் உதிர்ந்த
மாடிப்படிக் கைப்பிடி ஒன்றில் தெரிந்திருந்தது.

பிறகு நிறம்.
ஜொஹரா அம்மா காட்லாக்கை
மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.
ஷார்ஜாவில் கடைக்குள் நின்றபடி
அவர் கணவர் செய்யிது நூகு, வீடியோவில்:
"நீலம் போடு. நீலந்தானே தண்ணி."
கண்ணாடி மொசைக்கில் பதினோரு நீலம்.
ஒன்றின் பெயர் கரீபியன்.
"அது எந்தப் பக்கம்?" என்றார் அம்மா.
தெரியாமல் தெற்கே கையைக் காட்டிவிட்டேன்.
மதிலுக்கு அப்பால் நானூறு அடியில்
மன்னார் வளைகுடா
எந்தக் காட்லாக்கிலும் இல்லாத நிறத்தில் கிடந்தது.

தண்ணீருக்கு நிறம் கிடையாது அம்மா, தரைக்குத்தான்.
வெள்ளை பூசினால் வெளுத்த நீலம்.
மணல் நிறம் என்றால் பச்சை தட்டும்.
கறுப்புக் கல் போட்டால் வானம் முழுக்க உள்ளே விழும்,
விழுந்த தேள் மட்டும் தெரியாது.
கூழாங்கல் வழுக்காது, ஆனால் உறுத்தும்.
அவர் ஒவ்வொரு சாம்பிளாக
வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்
லுஹர் பாங்கு வரை.
அஸர் வெளிச்சத்தில் இன்னொரு தரம்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானாகக் கரீபியனில்
அறுபத்திரண்டு பெட்டி சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மழை ஒரு சனிக்கிழமை இறங்கியது.
மோட்டார்ப் பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தான்.
ஞாயிறு காலை போனில் பூமயில்:
"கொளம் எந்திரிச்சிருச்சு."

காலித் தொட்டி மிதக்கும்.
பரீட்சையில் எழுதி நான் மார்க் வாங்கிய பதில்.
நாற்பத்தைந்து டன் கான்கிரீட்
வடமேற்கு மூலையில் ஒரு சாண் தூக்கி நின்றது
கட்டவிழ்ந்த வள்ளம் மாதிரி.
அடியில் கடல்,
மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து
முதுகைக் கொடுத்திருந்தது.
வால்வு வைக்காதவன் நான்.

"இப்ப என்ன செய்யணும்?"
"உள்ளே விடணும் அம்மா."
டிரில்லை வாங்கி நானே ஓட்டை போட்டேன், மூன்று.
மூன்று இடத்திலும் நீர் நிமிர்ந்து எழுந்தது.
மாலைக்குள் இடுப்பளவு.
தொட்டி முனகிக்கொண்டே இறங்கி
கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை போனபோது
பூசாத சிமெண்டுப் படியில் ஈரக் காலடிகள்.
மூன்று அளவு. ஒன்று குழந்தையுடையது.
கொடியில் நைட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன.
பார்க்காதவன்போல டேப்பைப் பிரித்து
அளக்க வேண்டாததையெல்லாம் அளந்தேன்.

ஜன்னலிலிருந்து குரல்:
"தம்பி, அந்த நெறமே இருக்கட்டும்."
"அது நிறமில்லைம்மா. பூச்சே ஆகலை."
"காலைல சாம்பல். பகல்ல பச்சை.
மழை பெஞ்சப்ப என்னான்னே தெரியலை.
இதுக்கு மேல எதைப் போடுவீங்க?
லாரித் தண்ணியும் வேணாம், அது குடிக்கிறது."

வால்வு இரண்டு, என் செலவு.
தரைக்குச் சிமெண்டுத் தேய்ப்பு.
கரீபியனைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.
மூன்று பெட்டி பூமயில் வீட்டு அடுப்பு மேடைக்குப் போனது,
மிச்சம் என் ஷெட்டில்.

கோணலை மறைக்க விளிம்புக் கல்லை
ஏற்றி இறக்கிச் சமன் செய்திருக்கிறேன்.
ஆள் பார்த்தால் தெரியாது.
தண்ணீர் மட்டும்
வடமேற்கில் இரண்டு விரல் குறைந்தே நிற்கிறது.
ஷார்ஜாக்காரர் பெருநாளைக்கு வருகிறார்.