சலவை இயந்திரம் என்று அச்சிட்ட பெட்டி

கெமி நகர நூலகம், வியாழக்கிழமை.
இரண்டு மணிக்கே இருட்டிவிட்ட டிசம்பர்.
எழுத்துப் பயிற்சி நடத்தும் ஓட்சோ
என்னைவிட இருபத்தைந்து வயது இளையவன்.
"ஒரு பெட்டியைப் பற்றி எழுதுங்கள்" என்றான்,
காபி எடுக்கப் போய்விட்டான்.

எழுதினேன்.
சலவை இயந்திரம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது.
உள்ளே தொலைக்காட்சி.
நள்ளிரவில், பின்வாசல் வழியாக,
பிணம் தூக்குகிறவர் போல முழங்காலை மடக்கி
அப்பா அதைக் கொண்டுவந்தார்.
துணி அலமாரிக்குள் வைத்தார்.
ஒலியை அணைத்துவிட்டு
கோட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தார்,
வெள்ளை மேல் வெள்ளையாய்
பனியில் சறுக்கிப் போகிறவர்களை.

பிறகு ஜெப மண்டபம்.
ஈரக் கம்பளிக் கையுறைகளின் வாடை.
மேசைக்குப் பின்னால் ஐந்து பேர்.
"சகோதரர் ஆர்மாஸ்,
எந்த ஆவி உம் வீட்டில் குடியிருக்கிறது?"
அப்பா எழுந்து நின்றார்.
பதினோரு மணிவரை நின்றார்.
மன்னிப்புக் கிடைத்தது, கட்டிக்கொண்டு அழுதார்கள்.
அன்றிலிருந்து எந்தக் கதவையும்
தட்டாமல் அவர் திறந்ததில்லை,
சொந்த வீட்டுக் கதவைக்கூட.

அவர்களிடம் சொன்னது யார்?
கதைக்கு ஒருவர் வேண்டுமே.
பக்கத்து வீட்டில் ஒரு சிறுமியை உண்டாக்கினேன்.
தர்யா என்று பெயர். ஏழு வயது.
முன்பல் இரண்டும் விழுந்த வாய்.
ஞாயிறு வகுப்பில் கை தூக்குகிறாள்.
பரிசாக ஒரு நீல நட்சத்திரம்,
நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டியது.
பசையில் இலேசான இனிப்பு.

இலேசான இனிப்பு.

பென்சில் அங்கே நின்றது.
அதை நான் உண்டாக்கவில்லை.

எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
நாற்பத்தெட்டு வருஷம்
அந்தச் சொல்லின் நிழலில் ஒதுங்கியிருந்தேன்,
சொன்னது யாரோ என்று.
அம்மாவின் அடக்கத்தின்போதுகூட
பெரியப்பா மகனைச் சந்தேகமாகப் பார்த்தேன்.

ஓட்சோ திரும்பி வந்தான்.
"வாசிக்க விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள்."
கை மடியிலேயே கிடந்தது.
தூக்காமலே வாசித்தேன்,
தர்யா வரும் இடமெல்லாம் நான் என்று மாற்றி.
யாரும் கட்டிக்கொள்ளவில்லை. நல்லது.
ஒருவர் மட்டும் கேட்டார்,
அலமாரியில் பிளக் எங்கே இருந்தது என்று.

காரின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டும்போது
விட்டுப்போன வரி ஞாபகம் வந்தது.
கை தானாக எழும்பாது.
அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது,
குனிந்து, கன்னத்தைத் தொட்டு,
லவங்கப்பட்டை மணக்க ஒருத்தி கேட்டது:
"வீட்டில் யார் எதை ஒளிக்கிறார்கள், தங்கம்?"

அடுத்த வியாழன் அங்கிருந்து.