பெயர்ப் பட்டை

செவ்வாய் மாலை ஆறு பத்து. மூன்று பேர்.
ஒருவன் கையில் துண்டுச் சீட்டு.
வீட்டுக்குச் சாமான் வாங்க வந்தவன் போல
படித்துப் படித்து எடுக்கிறான்:
குழந்தைப் பால்மாவு பதினெட்டு டப்பா,
சவர பிளேடு, காப்பித்தூள்.
பைக்குள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறது.
வாசலில் வேன் அணையாமல் உறுமுகிறது.

பயிற்சியில் சொன்னார்கள்:
குறுக்கே நிற்காதே. துரத்தாதே.
டப்பாவுக்குக் காப்பீடு உண்டு,
உன் விலா எலும்புக்கு விலைச்சீட்டு இல்லை.

கிளெனிஸ் குறுக்கே நிற்கவில்லை.
இரண்டாம் கல்லாவில்
யாருடைய பூனைத் தீனியையோ ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள்.
போகிற போக்கில் அவன் குனிந்து
அவள் சட்டையில் குத்தியிருந்த பட்டையை
எழுத்துக் கூட்டிப் படித்தான்.
"கிளெ... னிஸ்.
ஐம்பத்தேழாம் நம்பர் பஸ்தானே?"

அவ்வளவுதான்.
தொடவில்லை. எதுவும் உடையவில்லை.
போலீஸ் படிவத்தில் 'காயம்' என்ற கட்டத்துக்கு முன்னால்
மேலாளர் மால்கம் பேனாவோடு உட்கார்ந்தே இருந்தார்.
பதினெட்டு டப்பா மட்டும்
கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயமாம்.
கனம் கம்பெனியுடையது.
வழியும் பயமும் கிளெனிஸுடையவை.

பிறகு எல்லாம் வந்தன:
காதில் ஹெட்செட், கல்லாவுக்கு அடியில் பொத்தான்,
மார்பில் கேமரா.
மிட்டாய் வாங்க வந்த பொடியனைப் பார்த்தும்
அதன் சிவப்புப் புள்ளி சிமிட்டுகிறது.
புதுப் பட்டைகளும் வந்தன,
எந்தப் பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.
போஜெனா 'ஷரோன்' ஆனாள்.
காவலுக்கு நிற்கும் இஃபியானி மாற்றவில்லை:
"பதினொரு வருஷமாக ஹல்லில் ஒருத்தனும்
என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை.
இதைவிடப் பத்திரம் வேறென்ன?"
கிளெனிஸ்கூடச் சிரித்தாள்.
அவள் பட்டை இன்னும் காலி.

இரவு ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கியதும்
நாங்கள் கும்பலாகவே நடக்கிறோம்.
(கும்பல்! அவர்களுக்கும் இதே சொல்தான்.)
ஹம்பர் ஆற்றுக் காற்று காதை அறுக்கிறது.
ஒவ்வொருவராகப் பிரிந்துபோக
நிறுத்தத்தில் அவளும் நானும்.
என் பஸ் எதிர்ப்பக்கம்.
இருந்தாலும் ஐம்பத்தேழு வரும்வரை நிற்கிறேன்,
அவள் வெங்காய விலையைப் பற்றிப் பேசுகிறாள்,
ஒவ்வொரு வேனுக்கும் பாதிச் சொல்லில் நிறுத்தி.

அவள் ஏறிப் போனாள்.
சாலையைக் கடப்பதற்குள் என் பஸ்ஸும் போய்விட்டது.
அடுத்தது இருபது நிமிடம் கழித்து.
கண்ணாடித் தடுப்பில் என்னைப் பார்க்கிறேன்:
கோட்டுக்கு வெளியே,
கழற்ற மறந்த என் பட்டை,
விளக்கடியில்
யாரும் படிக்கும்படி.