பிறவினை

கொக்கிரகுளத்தில் திங்கள்கிழமைதோறும்
மனு எழுதுகிறவன் நான். மனு ஒன்று ஐம்பது ரூபாய்,
எழுத்துப்பிழை இலவசம்.

முக்கூடல் பக்கமிருந்து வந்திருந்தாள் பிரமசக்தி,
விரலிடுக்கில் பீடித்தூள் வாசனை.
மினி பஸ் எங்க முக்குல நிக்காது,
தண்ணி டேங்க் தாண்டி கோயில் தெருவுலதான்,
தட்டோட நானூத்தி பன்னெண்டு எட்டு.
எண்ணியிருக்கிறாள்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தாள்.
"இத அரசியலாக்காதீங்கன்னு சொல்லுதாரு அந்த சாரு.
அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

சொல்லிப் பார்த்தேன்:
ஒன்றுமில்லாததை ஊதிப் பெருசாக்குவது,
கொடி பிடிப்பது,
பின்னால் யாரோ தூண்டிவிடுவது…
சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு கூசியது.
நான் எழுதிய மனுவில்
கட்சிப் பேர் இல்லை, சாதிப் பேர் இல்லை.
இரண்டு தெருவின் பேர் மட்டும் இருந்தது.
அதற்குள் எல்லாம் இருந்தது.

"நான் சோறுதான் ஆக்குவேன்" என்றாள்,
சிரிக்காமல்.

ஆகு தன்வினை. ஆக்கு பிறவினை.
ஆக்க ஓர் ஆள் வேண்டும்.
நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தை
டேங்க்குக்கு அந்தப் பக்கம் ஊன்றியபோதும்
யாரோ ஓர் ஆள் இருந்தார்.
அவரிடம் ஒருத்தரும் இந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
அதற்கு ஆபீஸில் பேர் வழித்தடம்.

"இன்னொண்ணு எழுதுங்க" என்றாள்.
அதே மனுதான். கையெழுத்துக்கு மேலே
ஒரு வரி மட்டும் கூடுதல்:
ஆக்கி வச்சது அவுக. ஆறப் பொறுக்குதது நாங்க.

'பொறுக்குதது' என்பதைத் திருத்தப் போனேன்.
வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டாவது மனுவுக்கும் ஐம்பது ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
அதைத்தான் இன்னும் சரியாகச் சொல்ல
எனக்கொரு வினைச்சொல் அகப்படவில்லை.