நாலு விரல்

"எல்லாரும் ஏத்தச் சொல்லித்தான் வருவாங்க.
நீங்க இறக்கச் சொல்றீங்க ஆச்சி" என்றார்
கழனிவாசல் முக்கில் ஷெட் போட்டிருக்கும் சபரிமுத்து.
சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கத்தையே பார்த்தார்,
பதில் அங்கிருந்து வரவேண்டும் என்பதுபோல.

ஐம்பத்தேழாம் வருசத்து ஃபார்கோ பிக்கப்.
ஆத்தங்குடிக் கல் ஏற்றிய வண்டி.
யார் யார் வீட்டுத் தரையையோ முதுகில் வைத்து
மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வந்தது.
என்னிடம் வந்த பிறகு ஏற்ற ஒன்றுமில்லை.
என் சாப்பாட்டுத் தூக்கு, குடை,
எப்போதாவது அண்ணன் நாச்சியப்பன்.

பாரமில்லாமல் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும்,
உட்காரச் சொல்லியும் உட்காராத
தண்டல்காரர் மாதிரி.
கோவிலூர் போய்த் திரும்பினால்
இடுப்பு வேறு யாருடையதோ.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
சபரிமுத்து கையை நுழைத்தார். எட்டு விரல்.
"எவ்வளவு வேணும்?"
"நாலு."
"நாலுன்னா அழகு. மூணுன்னா வம்பு."

சேஸிஸைக் கட்டைமேல் நிறுத்தினோம்.
யூ போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி
ராத்திரி முழுக்க ஊறவிட்டோம்.
காலையில் மூன்று நட்டு கழன்றன.
நாலாவதை நெருப்பு வைத்துத்தான் அறுக்க முடிந்தது.

பக்கத்துக்குப் பத்துப் பட்டா.
நீளமானது மேலே, குட்டை அடியில்,
கவிழ்த்துவைத்த படிக்கட்டு.
ஆறாவதையும் ஏழாவதையும் பிரித்தபோது
உள்ளே நீலம்.
கல்லுக்குக் குழைத்த சாயப்பொடி
எந்த வருசமோ சிந்தி, கிரீஸோடு இறுகி,
வெயிலே படாத நீலம்.
சபரிமுத்து கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து
பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

ஐந்திலிருந்து எட்டுவரை எடுத்துவிட்டோம்.
"இனிமே பாரம் ஏத்தக்கூடாது" என்று மூன்று தரம் சொன்னார்.
மூன்றாம் தரம் நோட்டில் எழுதிக்
கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.
போட்டேன்.
பதினோரு வருசமாய் வராத பாரத்துக்கு
முதுகை வளைத்துக் காத்திருந்த இரும்பு அது.
வீட்டுக் கடன் அடைந்த பிறகும்
நாலு மணிக்கே விழித்துக்கொண்டு
வட்டி கணக்குப் போட்டேனே நான்,
இருட்டில், விரல் மடக்கி.

எட்டுப் பட்டாவும் சுவரில் சாய்ந்து கிடந்தன.
இளநீர் விற்கும் கருத்தபாண்டி வந்து
அரிவாளுக்கு ஆகும் என்று இரண்டு கேட்டான்.
எடுத்துக்கோ என்றேன்.

ஜாக்கியை இறக்கினால்
இறங்கிக்கொண்டே இருக்கிறது வண்டி.
எங்கே நிற்கும் என்று தெரியவில்லை.
நின்றது.
சபரிமுத்து விரலை நுழைத்தார், திரும்பவும் நுழைத்தார்.
மூன்றரை.
அழகுக்கும் வம்புக்கும் நடுவில்.

ஞாயிறு சாயங்காலம் குன்றக்குடிக்குக் கிளம்பினோம்.
முன்னால் நானும் அண்ணனும்,
பின்னால் சபரிமுத்துவும் அவர் பையன்கள் இரண்டு பேரும்.
இருட்டியதும் விளக்கு வெளிச்சம்
வழக்கத்தைவிடக் கிட்டத்தில் விழுந்தது.
ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் நிழல் முளைத்தது.
இடுப்பு என்னுடையதாகவே இருந்தது.

முதல் வேகத்தடையில் அடிவயிறு உரசியது.
"இறங்குங்க எல்லாரும்!"
நாங்கள் இறங்க, வண்டி அரை விரல் ஏறியது.
மெதுவாய்த் தாண்டியது.
ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.
இரண்டாவதிலும் அப்படியே.
பையன்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது;
தடை வருமுன்னே குதித்தார்கள்.
நாலாவதில் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு
"நூத்திப்பத்துக் கிலோ, இறங்க மாட்டேன்" என்றார்.
அவரோடுதான் தாண்டினோம்.
சர்ர்ரென்று ஒரு சத்தம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணனைத் தவிர:
"ரோடு சரியில்ல."

திங்கட்கிழமை குனிந்து பார்த்தேன்.
சைலன்சரில் ஒரு சாண் நீளக் கீறல்,
புது வெள்ளியாய்.
மற்றபடி சுகம்.

ஒரு மாதம் கழித்து கருத்தபாண்டி கடையில் நின்றேன்.
புது அரிவாள்.
ஒரே வெட்டில் சீவினான்.
உலையில் நீலம் போயிருக்கும், தெரியும்.
இருந்தாலும் கேட்டேன்,
"இது ஆறாவதா, ஏழாவதா?"
அவன் நிமிராமலே கேட்டான்,
"வழுக்கையா, தண்ணியா?"