நானூற்றுப் பதினொன்றாவது வெட்டு

இரவெல்லாம் என் அறையில்
பல்லி சொல்வதாக நினைத்திருக்கிறார்
கீழ்வீட்டு சண்முகவடிவு.
வடகிழக்கு மூலை. பணவரவாம்.
மூன்று வாரம் பொறுத்திருந்து
நான்காம் வாரம் படியேறி வந்தார்:
"ஒரு பல்லி இத்தனை சொல்லாது தம்பி."

பல்லி இல்லை, ரிலே.
தீப்பெட்டி அளவில் ஒரு நீலக் கட்டை.
நிமிடத்துக்கு ஒருதரம் டக் என்று
ஒரு டிஸ்க்கின் மின்சாரத்தைப் பிடுங்கும்.
டக். திருப்பிக் கொடுக்கும்.

அவர் அடையாறு துணைமின்நிலையத்தில்
ஷிப்ட் பார்க்கிறவர்.
"கரண்ட் போகாம பாத்துக்க நாங்க உயிரை விடுறோம்.
நீங்க உக்காந்து போக வைக்கிறீங்க."
சிரித்தாரா கோபித்தாரா தெரியவில்லை.
தண்ணீர் கேட்டார், குடித்தார், இறங்கிப் போனார்.

ரிச்சி தெருவில் முந்நூற்றைம்பது ரூபாய்
இந்தப் பெட்டி. டிஸ்க்குக்குச் சட்டை மாதிரி.
ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர், ஒரே எண்ணில்
ஒன்பது வாங்கினேன்.
திருகாணி கழற்றினால் நான்கு விதமான சிப்.
அதில் ஒன்று பொய் சொல்லும்.

பெரிய பொய் இல்லை.
எழுதிவிட்டாயா என்று கேட்டால்
எழுதிவிட்டேன் என்னும்,
பையில் போட்டுக்கொண்டு.
மின்சாரம் இருக்கிறவரை அது பொய்யும் இல்லை.
போகிற கணத்தில்தான்
பொய்யாகிறது.

பகலில் தரமணியில் வேறு கம்பெனி, வேறு பொய்கள்,
அதற்குச் சம்பளம் உண்டு.
இந்த டிரைவர் பதினோரு வருடமாக என் கையில்.
நான் தொடங்கியதும் இல்லை. தொடங்கியவர்
இரட்டைக் குழந்தை பிறந்ததும் விட்டுப்போனார்.

நடுவில் ஓர் அட்டவணை இருக்கிறது.
இன்ன எண் வந்தால் இன்னதை நம்பாதே.
இருநூற்றாறு வரி.
எண்பத்தெட்டாம் வரி பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோ:
கல்யாணம் முழுக்க இருக்கிறது,
தாலி கட்டியது மட்டும் இல்லை.
நூற்று முப்பது, பனிக்கடலோரம் யாரோ ஒருவர்
ஆறு மாதம் அளந்துவைத்த காற்றின் வேகம்.
நூற்றுத் தொண்ணூறு என்னுடையது.
அதைச் சொல்லமாட்டேன்.

உங்கள் டிரைவர் மெதுவாக இருக்கிறது
என்று போன வாரம் ஒருவர் எழுதினார், பெயர் போடாமல்.
உண்மைதான்.
சிப்பின் சட்டைப்பையைத் தைத்துவிட்டேன்.
வாங்கியதை அப்போதே வைத்துவிட்டு
வெறுங்கையோடு வரவேண்டும் அடுத்ததற்கு.
மெதுவாகத்தான் நடக்கும்.

நான்கில் ஒன்றுதான் பொய்யன்.
எண் ஒன்றே என்பதால்
நால்வருக்கும் பை இல்லை.
இது நியாயமா என்று
குளிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நேற்று மழை.
நானூற்றுப் பத்து வெட்டுக்கு
ஓர் எழுத்தும் விழவில்லை.
நானூற்றுப் பதினொன்றை
ரிலே வெட்டவில்லை, தெருவே போனது.
மின்விசிறி, மாடிப்படி விளக்கு,
எதிர் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை.
கீழே சண்முகவடிவு செல்போனில்
ஒரு ஃபீடரின் பெயரைச் சொல்லி
யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன்.
சுவரில் எங்கோ ச்ச் ச்ச் ச்ச் என்றது.
இது அசல்.
பேச்சின் நடுவே பல்லி சொன்னால்
பேசியது மெய் என்பார்கள்.
நான் எதுவும் பேசியிருக்கவில்லை.

மூன்றேகாலுக்கு வந்தது.
டிஸ்க் முனகிக்கொண்டு சுழன்று எழுந்தது.
எழுதிவிட்டேன் என்று அது கடைசியாகச் சொன்ன
எட்டாயிரத்துச் சொச்சம் துண்டுகளையும்
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
இருந்தது.
இருந்தது.
கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன் போல.

காலையில் பதிவேட்டைப் பார்த்தேன்.
411, இழப்பு இல்லை.
காரணம் என்ற இடத்தில்
நான் எழுதிய நிரல்
தன் வழக்கப்படி 'ரிலே' என்று போட்டிருந்தது.

அழித்துவிட்டு
'மழை' என்று எழுதினேன்.