முறை

படிவத்தில் ஒரு கட்டம்:
‘பாதுகாவலர் / உறவுமுறை.’
ஒரு பெயர் கொள்ளும் அளவுக்குத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

முத்தையன்கட்டிலிருந்து லான்ட்மாஸ்ரரில் வந்திறங்கியது
பதினொரு பேர்.
அவர்களிடம் ஒரு நாற்பது தாள் கொப்பி.
நடுவில் டிலக்சனா, ஒன்பது வயது,
அறுந்த செருப்பு வாரை ஊசியால் குத்திப் பூட்டியிருந்தாள்.

தாய் குவைத்தில்; இரண்டு வருடமாய்க் குரல் இல்லை.
தகப்பனின் பெயர் கேட்டேன்.
மங்களேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்தா.

“ஆர் வளக்கிறது?”
“முறை வைச்சு.”
கொப்பியை விரித்தார்கள்.
திங்கள் ஞானாம்பிகை வீடு.
செவ்வாய் வாய்க்காலடி வீடு.
புதன் புஸ்பராணி, மீனென்றால் முள் எடுத்துக் கொடுக்கவேணும்.
காய்ச்சல் நாட்கள் சிவப்பு மையில்.
பேன் பார்த்த திகதிகூட இருந்தது.
என் திணைக்களத்தின் எந்தக் கோப்பும்
ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

பிறகு வைகாசிப் பக்கம்.
வெள்ளிக்கு நேரே ஒரு வீட்டின் பெயர்
தாள் கிழியும்வரை வெட்டியிருந்தது.
கீழே:
‘இந்த வீட்டுக்கு இனி முறை இல்லை.
கூடிப் பேசி முடித்தது.’
பதினொரு ஒப்பம், அதில் இரண்டு கைநாட்டு.

“என்ன நடந்தது?”
காற்றாடி சுற்றியது.
“நடக்க முதல் நிப்பாட்டினனாங்கள்.
அவன் இப்ப ஊரில இல்லை.”
“பொலிசுக்குச் சொல்லேல்லையா?”
“சொன்னா நீங்கள் பிள்ளையைத்தானே ஏத்திக்கொண்டு போவியள்.”

சொல்லாமல் விட்டது குற்றம்.
எனக்குத் தெரியும், எழுதினேன்.
எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் குற்றம்.

மன்றில் நீதவான் கேட்டார்:
“பொறுப்பேற்பவர் யார்?”
பதினொரு பேரும் எழும்பினார்கள்.
“ஒருவர்.”
ஒருவரும் இருக்கவில்லை.
“உங்களுக்கு இந்த அதிகாரம் யார் தந்தது?”
புஸ்பராணி கொஞ்சம் யோசித்து,
“அவள்தான் ஐயா, சாப்பிட வந்தவள்” என்றா.
எழுதுவினைஞர் தட்டச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
அதை எப்படிப் பதிவது என்று எனக்கும் தெரியவில்லை.

பதினான்கு நாள். கிளிநொச்சி இல்லம்.
கொப்பியைச் சான்றாக எடுத்து நூல் கட்டினார்கள்.
வாசல்வரை என் பின்னால் வந்த ஞானாம்பிகை
அழவில்லை, ஏசவில்லை:
“கொப்பி எப்ப தருவியள் பிள்ளை?
இண்டைக்கு எழுதவேணும்.”

விசுவமடு தாண்ட டிலக்சனா கேட்டாள்:
“மிஸ், அங்க வெள்ளிக்கிழமை ஆற்றை முறை?”

மடியில் கோப்பு.
அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது
திணைக்களத்தின் பெயர்.